மெதுவாகப் போகும் சைக்கிளுக்குத் தெரியும் சிங்கப்பூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாங்கள் நாலைந்து பேர் சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் ஈசூனிலிருந்து சைக்கிளில் கிளம்புவோம். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை. வழியில் வித்தியாசமாக எதையாவது கண்டால் இறங்கி நின்று பார்ப்போம், படம் எடுப்போம், பக்கத்தில் பெரியவர் யாராவது இருந்தால் விசாரிப்போம். அந்தப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கும் எங்கள் புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், இருப்பவர்களுக்கும் அனுப்பத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

முப்பது வருடமாக இங்கே கார் ஓட்டுகிறேன். இதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லையே?

நீங்கள் பெரும்பாலும் விரைவுச்சாலையில் போகிறீர்கள். அங்கே இரண்டு பக்கமும் மரங்கள்தாம் தெரியும். சைக்கிளுக்கு விரைவுச்சாலையில் அனுமதி இல்லை. அதனால் நாங்கள் கால்வாய் ஓரமாகவும் புளோக்குகளின் பின்புறமாகவும் தொழிற்பேட்டைச் சந்துகள் வழியாகவும் போகிறோம். வீட்டின் முன்கூடம் விருந்தாளிகளுக்கு, பின்கட்டில்தான் குடும்பம் புழங்கும். ஊருக்கும் ஒரு பின்கட்டு உண்டு. சைக்கிள் அங்கேதான் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விநோதமாகத் தெரியும் எதையும் யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காகத்தான் அங்கே வைத்திருப்பார். அந்தக் காரணத்தைத் தேடுவதில்தான் எனக்கு ஆசை. பொருளைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அரை மணி நேரமாவது நிற்க வேண்டும்.

எனக்கு வழியே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பூங்கா இணைப்புப் பாதையிலிருந்து தொடங்குங்கள். தீவு முழுக்க இத்தகைய பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் கால்வாயை ஒட்டியே போவதால் வழி தவறுவது கடினம். ஜூரோங் லேக் தோட்டத்திலிருந்து கோனித் தீவு வரை போகும் 36 கிலோமீட்டர் பாதையை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அதை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்துக்கொண்டால்தான் நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை மடக்கி எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாம். மடக்கிய பிறகு அளவு 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ரயிலில் போய், மறுபக்கம் ஓட்டிக்கொண்டே வீடு திரும்பலாம்.

மாமா, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டைனோசர் நிற்பது உண்மையா?

உண்மைதான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவையும் சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தையும் இணைக்கும் பாதை சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். அதில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட டைனோசர் உருவங்கள் நிற்கின்றன. 2020 அக்டோபரில் திறந்தார்கள். கட்டணம் கிடையாது. பிள்ளைகளை முதன்முதலாக வெளியே அழைத்துப் போக நல்ல இடம், பாதை சமதளம்.

அங் மோ கியோவில் கொடிக்கம்பத்தில் பறவைக் கூண்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அது என்ன வழக்கம்?

கெபுன் பாருவில் நீங்கள் பார்த்தது பறவைகளைப் பாடவிடும் இடம். திடல் முழுக்க உயரமான கம்பங்கள் நட்டிருப்பார்கள். கூண்டைக் கொக்கியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் கொடி ஏறுவதுபோல் மேலே ஏறும். அவ்வளவு உயரத்தில் தொங்குபவை மெர்போக் என்று மலாயில் அழைக்கப்படும் சிறிய புறாக்கள். உயரத்தில் இருந்தால்தான் அவை நன்றாகக் கூவும் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். வெள்ளைக்கண்ணிக் குருவிகளையும் கொண்டை வைத்த சின்னான்களையும் தாழ்வாகத்தான் மாட்டுவார்கள்.

ஞாயிறு காலையில் போனால் கூண்டுக்காரர்கள் கீழே உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தபடி காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்சு குறைவு. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நீங்களும் சத்தம் போடாமல் உட்காருங்கள். ஒரு பெரியவர் எனக்குக் கூண்டின் மூங்கில் குச்சிகளைக் காட்டி, எந்தப் பறவைக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பாதி மலாயிலும் பாதி கையசைவிலுமாகப் பேசிக்கொண்டோம். அந்த அரை மணி நேரத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

செம்பவாங்கில் சாலையோரம் முட்டை அவிக்கிறார்களாமே?

ஆமாம், வெந்நீர் ஊற்றில். 1909-ல் கண்டறியப்பட்ட ஊற்று அது. நீர் சுமார் 70 டிகிரி செல்சியஸில் மேலே வருகிறது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திருத்தி மறுபடியும் திறந்தார்கள். கால் நனைக்கத் தொட்டிகள் இருக்கின்றன, முட்டை அவிக்கத் தனி இடம் இருக்கிறது. நீர் கொதிநிலையில் இல்லாததால் முட்டை வேகச் சற்று நேரம் பிடிக்கும், வெந்தாலும் கொழகொழவென்றுதான் இருக்கும். முட்டையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், ஓடுகளைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் ஊற்றுநீரின் சூட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தம்பி, மரத்தடியில் சாமி சிலைகள் வரிசையாக இருக்கின்றன. யார் வைத்தது? கும்பிடலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆலமரம், அரசமரம், தூங்குமூஞ்சி மரம் ஆகியவற்றின் வேரடியில் சிறு பீடங்களைக் காணலாம். சில, அந்த இடத்தின் காவல் தெய்வமாகச் சீனர்கள் வழிபடும் டத்தோக் கோங்குக்கு உரியவை. வேறு சில மரங்களின் கீழ் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின், பிள்ளையார், புத்தர் எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். வீடு மாறுபவர்களும் பெரியவர்கள் காலமான குடும்பங்களும் பூசை அறைச் சிலைகளைக் குப்பையில் போட மனம் வராமல் மரத்தடியில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். பிறகு அக்கம்பக்கத்தார் யாராவது விளக்கேற்றத் தொடங்குவார்கள்.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நம் கோயில்களின் கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம் மக்கள் ஒரு மரத்தடியில் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. அதன் பெயரில் இன்றும் மரம் இருக்கிறது. குவீன்ஸ்டவுனில் உள்ள முனீஸ்வரன் கோயிலும் 1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்துக்கு அருகே குடிசையாக வைத்ததுதான். சாலையோரச் சாமியை நம்மவர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கும்பிடலாம். எதையும் நகர்த்தாதீர்கள், எடுத்துப் போகாதீர்கள், அருகில் யாராவது வழிபட்டுக்கொண்டிருந்தால் படம் எடுக்காதீர்கள். சீனர்களின் ஏழாம் மாதத்தில், அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், புல்தரையிலும் நடைபாதை ஓரத்திலும் உணவும் ஊதுவத்தியும் எரிந்த காகிதமும் கிடக்கும். அவை முன்னோருக்கும் வீடற்ற ஆவிகளுக்கும் படைத்தவை. சக்கரம் அவற்றின் மேல் ஏறாமல் ஒதுங்கிப் போங்கள். சாம்பல் பறக்காமல் இருக்க வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

புலாவ் உபின் தீவில் பொம்மையைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நம்பவே முடியவில்லை.

மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு குடில், உள்ளே பீடத்தில் பார்பி பொம்மை. கேத்தாம் கல்குவாரிப் பக்கம் இருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மானியக் குடும்பத்தைப் பிடிக்கப் பிரிட்டிஷ் வீரர்கள் வந்தபோது, அவர்களுடைய மகள் தப்பி ஓடிப் பாறை உச்சியிலிருந்து விழுந்து இறந்தாள் என்பது தீவில் சொல்லப்படும் கதை. அந்தப் பெண்ணுக்காக எழுந்த கோயில் இது. வாசனைத் தைலம், உதட்டுச் சாயம், நகப்பூச்சு ஆகியவற்றைக் காணிக்கையாக வைக்கிறார்கள்.

கன்னியாக இறந்த பெண்ணைத் தெய்வமாக்கிச் சேலையும் வளையலும் சாத்தும் வழக்கம் நம் கிராமங்களிலும் உண்டு. கன்னித் தெய்வம் என்றால் நம் பாட்டிகளுக்கு உடனே விளங்கும். அதனால் இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கியது. மொழி தெரியாத ஊரில் இறந்துபோன ஒரு பெண்ணை யாரோ அக்கறையாக நூறு ஆண்டுகளுக்கும் மேல் நினைவில் வைத்திருக்கிறார்கள். முன் பதிலில் சொன்ன கட்டுப்பாடுகள் இங்கேயும் பொருந்தும். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளை ஏற்றத் தனிக் கட்டணம், தீவில் வாடகைக்கும் சைக்கிள் கிடைக்கும்.

பழைய ரயில் பாதையில் ஓட்டினால் என்ன தெரியும்? தண்டவாளத்தைத்தான் எடுத்துவிட்டார்களே.

தண்டவாளம் போய்விட்டது, தடம் இருக்கிறது. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டிச் சென்றவர் மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தான். அதன் பிறகு 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசுமைப் பாதையாக மாறியது. புக்கிட் தீமாவில் சாலைக்கு மேலே போகும் இரண்டு இரும்புப் பாலங்களையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். 1932-ல் கட்டிய புக்கிட் தீமா நிலையத்தைப் பழுதுபார்த்து 2022-ல் திறந்தார்கள். மேடையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு ஓட்டலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள், சில இடங்களில் சேறு.

இந்தப் பாதையில் போகும்போது வயதானவர்கள் யாராவது உடன் இருந்தால் “கட்டை” பற்றிக் கேளுங்கள். மைல்கல்லுக்கு மலாயில் “பத்து” (batu, கல் என்று பொருள்), நம்மவர்களுக்குக் கட்டை. புக்கிட் தீமாவின் பியூட்டி வோர்ல்டு பகுதி ஏழாம் கட்டை. கோவான் பகுதி ஆறாம் கட்டை, சீனர்களும் அதை ஆறாம் கல் என்றே அழைத்தார்கள். கணக்கு ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் இருந்த தலைமை அஞ்சல் நிலையத்திலிருந்து தொடங்கியது. என் அப்பா கடைசிவரை பஸ் எண்ணைச் சொல்லி இடம் சொன்னதில்லை, கட்டையைத்தான் சொல்வார். கற்கள் அநேகமாக எல்லாம் மறைந்துவிட்டன. சொல் சில வாய்களில் இன்னும் இருக்கிறது.

நம் ஆட்களின் சுவடு தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) வெளியே எங்காவது உண்டா அண்ணா?

தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஓட்டுங்கள். மேக்ஸ்வெல் சாலைக்கு அருகில் கடையநல்லூர் தெரு இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் திரளாகக் குடியிருந்தார்கள். அவர்கள் முயற்சியால் 1946-ல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. பள்ளி இல்லை, பலகையில் ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது. அங்கே படித்த ஒருவருடன் அந்தப் பலகைக்குக் கீழே நின்றிருக்கிறேன். அவர் தன் ஆசிரியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆற்றங்கரைப் பக்கம் போனால் நாராயணன் செட்டி சாலை. தோபி காட் என்ற பெயரில் சலவைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் துவைத்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். தேக்காவிலேயே பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஆங்கிலத்தில் ஒரு எருமை, மலாயில் ஒரு எருமை. கால்நடை வியாபாரம் அங்கே எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். செம்பவாங்கில் மால்டா, ஜிப்ரால்டர் என்று பிரிட்டிஷ் கடற்படை இருந்த ஊர்களின் பெயர்களைப் பார்க்கலாம்.

கோனித் தீவில் ஒரு காளை திரிந்ததாமே, இன்னும் இருக்கிறதா?

இல்லை, 2016 அக்டோபரில் இறந்துவிட்டது. அது பிராமன் இனக் காளை, நம் நாட்டு மாடுகளின் வழி வந்த இனம், முதுகில் திமில் உண்டு. தீவு பூங்காவாகத் திறக்கப்பட்டது 2015-ல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காளை அங்கே தனியாக வாழ்ந்துவந்தது. எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. சவுக்குத் தோப்பில் ஓட்டும்போதெல்லாம் எனக்கு அதன் நினைவு வரும்.

சீனக் கல்லறையில் தலைப்பாகை கட்டிய சிலை ஏன்?

புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தில் சில பெரிய சமாதிகளுக்கு இருபுறமும் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. அந்தக் காலத்தில் பணக்கார வீட்டுக்கும் வங்கிக்கும் சீக்கியர்தான் ஜாகா, அதாவது காவலாளி. உயிரோடு இருந்தபோது வாசலைக் காத்தவர் இறந்த பிறகும் காக்கட்டும் என்று அமைத்திருக்கிறார்கள். இந்த இடம் 1922-ல் திறந்து 1973-ல் மூடப்பட்டது, நெடுஞ்சாலைக்காக ஆயிரக்கணக்கான கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். இன்றும் பிள்ளைகளும் பேரர்களும் படையலோடு வருகிறார்கள்.

லிம் சூ காங் சாலை ஏன் அவ்வளவு நேராகவும் அகலமாகவும் இருந்தது?

தேவைப்பட்டால் போர் விமானங்கள் இறங்குவதற்காக. ஆகாயப்படை அங்கே ஒரு பகுதியை ஓடுபாதையாக மாற்றும் பயிற்சியை 1986 முதல் சில முறை நடத்தியிருக்கிறது. 2016-லும் நடந்தது. விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், சாலைத் தடுப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, விமானங்கள் ஏறி இறங்கிய பிறகு மறுபடி பொருத்துவார்கள். கழற்றி மாட்டக்கூடிய பஸ் நிறுத்தம் என்பதை அறிந்த பிறகு அந்தச் சாலையில் ஒவ்வொரு திருகையும் உற்றுப் பார்த்தேன். தெங்கா விமானப்படைத் தளத்தை விரிவாக்குவதால் சாலையின் போக்கு மாறுகிறது.

அந்தப் பக்கம் சிவப்பு எழுத்தில் நான்கு மொழிகளிலும் தடைப் பலகைகள் இருக்கும். துப்பாக்கி ஏந்திய வீரரின் படம் போட்ட பலகையைக் கண்டால் நில்லாதீர்கள், கேமராவை எடுக்காதீர்கள். விநோதம் தேடுவதற்கான இடம் அதுவல்ல.

நின்று நின்று போனால் பின்னால் வருபவர்கள் திட்டுகிறார்கள். என்ன செய்வது?

தவறு நம்முடையதாகத்தான் இருக்கும். நிற்பதற்கு முன் கையைக் காட்டி, பாதையை விட்டுப் புல்லுக்கு இறங்கிவிடுங்கள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பகிர்வுப் பாதையில் 25 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. சாலையில் தலைக்கவசம் கட்டாயம், ஒற்றை வரிசை என்றால் ஒரு குழுவில் 5 பேருக்கு மேல் போகக் கூடாது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். சூரியன் உதிக்கும் முன்பே கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நீர்நாய், காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் எதிரில் வந்தால் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா? பாவமாக இருக்கிறதே.

கூடாது. காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்தால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பாய்ந்து வரும் குரங்கை உருவாக்கியவர்கள் நாம்தான். கடைசியில் துரத்தப்படுவது குரங்கு. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் விலங்குக்கும் இடையில் வைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருங்கள்.

விலங்கு எதுவும் கண்ணில் படாத நாளில் மரங்களைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதற்கு ஐந்து மணி மரம் என்று பெயர் வைத்தார்கள். சாகா மரத்தடியில் சிவப்பு விதைகள் கொட்டிக் கிடக்கும். நம் ஆனைக்குன்றிமணிதான் அது. பல்லாங்குழிக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று என் மகள் கேட்டாள். பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது என்பதால் பார்த்துவிட்டு வந்தோம்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் இடத்தோடு எல்லாருக்கும் சொல்லிவிடலாமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. டைனோசரையும் வெந்நீர் ஊற்றையும் தாராளமாகச் சொல்லுங்கள், கூட்டம் வரவேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். அங் மோ கியோ அவென்யூ 1-ல் குடியிருப்பாளர் குழு 1998-ல் வைத்த, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட இரட்டை மெர்லயன் சிலைகளையும் சொல்லலாம், அவற்றைப் பார்க்க யார் போனாலும் அக்கம்பக்கத்தாருக்குச் சந்தோஷம். செந்தோசாவின் 37 மீட்டர் மெர்லயனை 2019-ல் மூடி இடித்துவிட்ட பிறகு, புளோக்கடியில் நிற்கும் இந்தச் சிறிய ஜோடியின் மேல் எனக்குப் பாசம் கூடிவிட்டது.

லோரோங் புவாங்கோக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, வேறு கணக்கு. பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் கடைசிக் கம்பம், சுமார் 26 வீடுகள். அது கண்காட்சி இல்லை, மக்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் இடம். வாசலில் சைக்கிளை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பவர்களை நான் கண்டித்திருக்கிறேன். பறவைக் கூடு, நீர்நாய்க் குட்டிகள், புதிதாக யாரோ விளக்கேற்றத் தொடங்கிய மரத்தடி ஆகியவற்றின் இடத்தை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

ஆனால் குறித்து வைப்போம். இங்கே ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஓர் எண் உண்டு. தெருப் பெயர், அந்த எண், தேதி, பார்த்த நேரம், அங்கே பேசியவர் சொன்னது, இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து அதே கம்பத்துக்குப் போனால் சில நேரம் பொருள் இருக்காது, புதுச் சிமெண்டுத் தரைதான் இருக்கும். அந்தத் தேதியையும் அதே வரிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த கம்பத்துக்கு ஓட்டுவேன்.